எஸ்ஏடி மறுதேர்வு: உயர்ந்த மார்க்கை நவம்பர் 1-க்குள் கல்லூரியில் கொண்டுசேர்ப்பது எப்படி?

அக்டோபர் மூன்றாவது வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பள்ளிக்குக் கிளம்பிய மகள் ஒரு காலில் மட்டும் ஷூவோடு வாசலில் நின்று போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் முடிவு வந்திருந்தது. ஆகஸ்டில் 1600-க்கு 1460 வாங்கியவள் இப்போது 1480. அன்று இரவு, பல கல்லூரிகளுக்கும் ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் தளமான காமன் ஆப்பில், விண்ணப்பத்தில் புது மார்க்கைப் போடலாம் என்று உட்கார்ந்தால், மாற்ற வழியே இல்லை. முந்தின வாரம்தான் "கடைசி நாள்வரை இழுக்காதே, அனுப்பிவிடு" என்று நான் அவளைப் படுத்தி எடுத்து விண்ணப்பத்தை அனுப்ப வைத்திருந்தேன். போன விண்ணப்பத்தில் பழைய 1460 பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

அதைச் சரிசெய்தோம், எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, பிள்ளை பதினொன்றாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். மறுதேர்வு என்றால் நாம் படிப்பை மட்டும்தான் நினைக்கிறோம். பாதி படிப்பு, பாதி தபால் வேலை. நம் வீடுகளில் கோட்டை விடுவது பெரும்பாலும் இரண்டாவது பாதியில்தான்.

முதலில், எந்த "எர்லி"?

வழக்கமான பொதுச் சுற்றுக்கு முன்பே விண்ணப்பிப்பதுதான் எர்லி. அதில் எர்லி டிசிஷன் என்பது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். இடம் கிடைத்தால் சேர்ந்தாக வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். கார்னெல், டியூக், நார்த்வெஸ்டர்ன் போன்றவை இந்த வகை. எர்லி ஆக்‌ஷன் என்றால் சீக்கிரம் விண்ணப்பித்து சீக்கிரம் பதில் தெரிந்துகொள்ளலாம், சேர வேண்டிய கட்டாயம் இல்லை. எம்ஐடி, பர்டியூ, ஜார்ஜியா டெக் இப்படி. இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகியவை வைத்திருக்கும் கட்டுப்பாடுள்ள எர்லி ஆக்‌ஷன். சேர வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் வேறு தனியார் கல்லூரிகளுக்கு எர்லியில் போடக் கூடாது என்பது பொதுவிதி.

கெடு பெரும்பாலும் நவம்பர் 1. சிலவற்றுக்கு நவம்பர் 15. ஜார்ஜியா டெக் தன் மாநில மாணவர்களுக்கு அக்டோபர் மத்தியிலேயே கதவைச் சாத்திவிடும். எர்லி டிசிஷன் பதில் டிசம்பர் மத்தியில் வரும். ஒரு சின்ன எச்சரிக்கை: எர்லி டிசிஷனில் கையெழுத்துப் போடும் முன் அந்தக் கல்லூரியின் தளத்தில் இருக்கும் செலவுக் கணிப்பானில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். வேறு கல்லூரிகளின் உதவித்தொகையை வைத்துப் பேரம் பேச அப்புறம் வாய்ப்பிருக்காது.

அந்தக் கல்லூரிக்கு மார்க் வேண்டுமா?

கொரோனா காலத்தில் கிட்டத்தட்ட எல்லாக் கல்லூரிகளும் எஸ்ஏடியைக் கட்டாயத்திலிருந்து எடுத்தன. எம்ஐடி 2022-லேயே திரும்பக் கொண்டுவந்தது. 2024-ல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் வரிசையாக அறிவித்தன. யேல் மட்டும் கொஞ்சம் நெளிவு சுளிவோடு, எஸ்ஏடி, அதற்கு மாற்றான ஏசிடி, பள்ளியில் எழுதும் கல்லூரித்தரப் பாடத் தேர்வுகளான ஏபி, ஐபி இவற்றில் ஏதோ ஒன்றின் மார்க் இருந்தால் போதும் என்றது. சிகாகோ பல்கலைக்கழகம் கொரோனாவுக்கு முன்பே, 2018-ல், விருப்பமிருந்தால் தரலாம் என்று மாறிவிட்டது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கைக்கு மார்க்கைத் திரும்பியே பார்ப்பதில்லை. 1600 வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. அவற்றில் எர்லி சுற்றும் கிடையாது. பட்டியல் முழுக்க அவையாக இருந்தால் மறுதேர்வுப் பேச்சே வேண்டாம், கட்டுரைகளை எழுதச் சொல்லுங்கள்.

இந்தக் கொள்கைகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. பக்கத்து வீட்டு அண்ணன் போன வருடம் சொன்னதை நம்பாமல், ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தையும் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்க் கட்டாயமா? எர்லி சுற்றுக்கு எந்த மாதத் தேர்வுவரை ஏற்பார்கள்? மாணவர் தானே தட்டச்சு செய்த மார்க் போதுமா, எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து அதிகாரப்பூர்வ ரிப்போர்ட் வர வேண்டுமா? நான் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளில் இதைக் கட்டம் போட்டு ஒட்டிவைத்தேன். மகள் சிரித்தாள். அக்டோபரில் அவளே தினமும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுபடி எழுதத்தான் வேண்டுமா?

இதற்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி9 என்ற பகுதியைப் பாருங்கள். சேர்ந்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் எஸ்ஏடி மார்க் கொடுத்தார்கள், அவர்களில் கடைசிக் கால்வாசிப் பேர் எந்த மார்க்குக்குக் கீழே (கீழ்க் கோடு), முதல் கால்வாசிப் பேர் எந்த மார்க்குக்கு மேலே (மேல் கோடு) என்று இருக்கும். பிள்ளையின் மார்க் கீழ்க் கோட்டுக்கும் கீழே என்றால் மறுதேர்வு பயன் தரும். நடுவில் என்றால், மாதிரித் தேர்வில் மார்க் ஏறுகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம். மேல் கோட்டைத் தாண்டிவிட்டதா? நிறுத்திவிடுங்கள்.

இந்த "நிறுத்துவது" நம் ஆட்களுக்கு வரவே வராது. 1550 வாங்கிய பையனை 1580-க்காக இன்னொரு முறை அனுப்பும் பெற்றோரை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். எஸ்ஏடி ரிப்போர்ட்டிலேயே மார்க்குக்குப் பக்கத்தில் ஒரு வீச்சு கொடுத்திருப்பார்கள்: அதே பிள்ளை வேறொரு நாளில் எழுதினால் இந்த எல்லைக்குள் கூடலாம், குறையலாம் என்று. இருபது முப்பது மார்க் வித்தியாசம் அந்த வீச்சுக்குள்ளேயே அடங்கிவிடும். என் கணக்கு இது: இரண்டு முறை இயல்பு, மூன்றாவது முறைக்குக் காரணம் வேண்டும், நான்காவது முறை என்றால் பிள்ளையின் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பாருங்கள்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

அமெரிக்காவில் எஸ்ஏடி வழக்கமாக ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர், டிசம்பர், மார்ச், மே, ஜூன் மாதங்களில் சனிக்கிழமைகளில் நடக்கும். செப்டம்பரில் நடத்திய ஆண்டும் உண்டு. முடிவு வரச் சுமார் இரண்டு வாரம் ஆகும். நவம்பர் 1 கெடுவிலிருந்து பின்னால் வந்தால், அக்டோபர் தேர்வின் முடிவு கெடுவுக்கு இரண்டு வாரம் முன்புதான் கையில் கிடைக்கும். நவம்பர் தேர்வின் முடிவு கெடு தாண்டித்தான் வரும். எர்லிக்கு நவம்பர் தேர்வையும் ஏற்கும் கல்லூரிகள் உண்டு, அக்டோபரோடு நிறுத்துபவையும் உண்டு. ஃபிரிட்ஜ் தாளின் இரண்டாவது கட்டம் இதற்குத்தான்.

ஆக, பாதுகாப்பான ஓட்டம்: பதினொன்றாம் வகுப்பு மார்ச்சில் முதல் முறை, கோடை விடுமுறையில் பயிற்சி, ஆகஸ்டில் இரண்டாவது முறை. அக்டோபர் கையிருப்பு. மே மாதத்தை ஏபி தேர்வுகள் தின்றுவிடும், அதை நம்ப வேண்டாம். நாங்கள் முதல் முறையையே ஆகஸ்டில் வைத்ததால்தான் அக்டோபரில் அப்படி மூச்சு வாங்கினோம்.

பதிவுக் கட்டணம் 2025-26-ல் 68 டாலர். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் கவுன்சிலரிடம் கட்டண விலக்கு கேளுங்கள். இரண்டு முறை இலவசமாக எழுதலாம், ரிப்போர்ட் அனுப்பவும் காசு இல்லை. கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. பணத்தைவிடப் பெரிய பிரச்சினை இடம். பக்கத்துப் பள்ளித் தேர்வு மையங்கள் வேகமாக நிரம்பும். சிலிக்கான் வேலி பக்கம் இருப்பவர்கள் முந்தின இரவே வண்டியோட்டிப் போய் மோட்டலில் தங்கி எழுத வைக்கிறார்கள். ஆகஸ்ட், அக்டோபர் இரண்டுக்கும் பதிவு திறந்ததுமே இடம் பிடித்துவிடுங்கள்.

ஏசிடி எழுதும் பிள்ளை என்றால் மாதங்கள் வேறு: செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் என்று போகும். 2025-லிருந்து ஏசிடி சுருங்கிவிட்டது. அறிவியல் பகுதி விருப்பப் பாடம், 36-க்கான மொத்த மார்க் ஆங்கிலம், கணிதம், வாசிப்பு மூன்றின் சராசரி. எஸ்ஏடியில் இரண்டு முறை முட்டி நின்ற பிள்ளைக்கு ஒரு ஏசிடி மாதிரித் தேர்வு கொடுத்துப் பாருங்கள். சிலருக்கு அது பொருந்திவிடும்.

இரண்டாம் முறைக்கு எப்படிப் படிப்பது?

அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் எஸ்ஏடி முழுக்கக் கணினியில்தான், புளூபுக் என்ற செயலியில். மொத்தம் 2 மணி 14 நிமிடம், 98 கேள்விகள். வாசிப்பும் எழுத்தும் ஒரு பிரிவு, கணிதம் ஒரு பிரிவு. ஒவ்வொன்றும் இரண்டு கூறாக வரும். முதல் கூறில் எப்படிச் செய்தோம் என்பதை வைத்து இரண்டாவது கூறு கடினமானதா எளிதானதா என்று இயந்திரம் முடிவு செய்யும். எளிதான கூறு வந்துவிட்டால் அதில் எத்தனை சரியாகப் போட்டாலும் உச்ச மார்க்கைத் தொட முடியாது. அதனால் முதல் கூறில் கவனக்குறைவான தவறுகள் செய்யாமல் இருப்பதுதான் மறுதேர்வில் மார்க்கை ஏற்றும் முதல் வழி.

பிள்ளை எந்தக் கேள்வியில் தப்பு செய்தது என்று ரிப்போர்ட் காட்டாது. எட்டுத் தலைப்புகளில் எங்கே பலம், எங்கே பலவீனம் என்று பட்டைகளாக மட்டும் காட்டும். என் மகளுக்கு ஆங்கில இலக்கணப் பட்டை பாதிக்குக் கீழே கிடந்தது. அந்தப் பிரிவின் கேள்விகளில் சுமார் கால்வாசி இலக்கணம். கமா எங்கே, அரைப்புள்ளி எங்கே, இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டலாமா என்கிற சமாச்சாரம். விதிகள் மொத்தமே ஒரு தாளில் அடங்கும். ஒரு மாதம் தினம் 15 கேள்வி, காலேஜ் போர்டின் கேள்வி வங்கியிலிருந்து, அந்தத் தலைப்பில் மட்டும் வடிகட்டி எடுத்துப் போட்டாள். ஆங்கிலப் பிரிவின் 700 அங்கேதான் 740 ஆனது. வாசிப்பு வேகம், சொல்வளம் எல்லாம் ஒரு மாதத்தில் ஏறாது. அது பல வருடப் படிப்பின் விளைவு. சீக்கிரம் ஏறக்கூடிய பட்டையை முதலில் பிடியுங்கள்.

கணிதத்தில் செயலிக்குள்ளேயே டெஸ்மோஸ் என்ற வரைபடக் கணிப்பான் இருக்கிறது. நம் பிள்ளைகள், அதிலும் ஊரில் சில வருடம் படித்துவிட்டு வந்தவர்கள், எல்லாவற்றையும் கையால் போட்டுத்தான் தீர்ப்பேன் என்று நிற்பார்கள். இரண்டு சமன்பாடுகளை அதில் தட்டினால் கோடுகள் வெட்டும் இடம் கண்முன்னே தெரியும்போது, மூன்று நிமிடம் எதற்குச் செலவழிக்க வேண்டும்? முழுநீள மாதிரித் தேர்வுகள் புளூபுக்கிலேயே இலவசம், கான் அகாடமி பாடங்களும் இலவசம். ஆயிரக்கணக்கில் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்க்கும் முன் இவற்றை முடித்துவிட்டானா என்று கேளுங்கள்.

தேர்வுக்கு முந்தைய ஐந்து நாட்களுக்குள் புளூபுக்கில் தேர்வு அமைப்பு வேலையை முடித்தால்தான் நுழைவுச் சீட்டு வரும். மடிக்கணினி முழு சார்ஜ், சார்ஜர், புகைப்பட அடையாள அட்டை. காலை 7:45-க்குள் உள்ளே இருக்க வேண்டும்.

எதை அனுப்புவது?

சூப்பர்ஸ்கோர் என்ற சொல்லை அடிக்கடி கேட்பீர்கள். வெவ்வேறு நாளில் எழுதிய தேர்வுகளிலிருந்து ஒவ்வொரு பிரிவின் உச்ச மார்க்கையும் எடுத்துக் கல்லூரி கூட்டிக்கொள்வது. எங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள்: ஆகஸ்டில் ஆங்கிலம் 700, கணிதம் 760. அக்டோபரில் ஆங்கிலம் 740, கணிதம் 740. தனித்தனியாக 1460, 1480. சூப்பர்ஸ்கோர் 740-ம் 760-ம் சேர்ந்து 1500.

இங்கே ஒரு வழுக்கல். எந்தத் தேதித் தேர்வை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் காலேஜ் போர்டு தருகிறது. ஆனால் தேதியைத்தான் தேர்ந்தெடுக்கலாம், பிரிவை முடியாது. அதாவது ஆகஸ்டின் கணிதத்தை மட்டும் பிய்த்து அனுப்ப முடியாது. 1500 வேண்டுமென்றால் இரண்டு தேதிகளின் முழு மார்க்கையும் அனுப்ப வேண்டும். "புதுசு 1480 வந்துடுச்சே, பழசு எதுக்கு" என்று அக்டோபரை மட்டும் அனுப்பினால் 20 மார்க் காற்றில் போகும். சூப்பர்ஸ்கோர் பார்க்காத கல்லூரிகளும் உண்டு. அங்கே உயர்ந்த ஒரு தேதி போதும். எழுதிய எல்லாத் தேர்வையும் அனுப்பு என்று கேட்பவையும் உண்டு. ஜார்ஜ்டவுன் அதற்குப் பேர்போனது. அது பட்டியலில் இருந்தால், சும்மா பழக்கத்துக்கு ஒரு எஸ்ஏடி எழுதிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அனுப்பும் வேலை

பதிவு செய்யும்போதே நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக ரிப்போர்ட் அனுப்பலாம். தேர்வு முடிந்து 9 நாள்வரை பெயர்களை மாற்றலாம். இலவசம் என்றதும் நமக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் முடிவு வரும் முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால், மார்க் சரிந்தாலும் போய்விடும். மாதிரித் தேர்வுகளில் நிலையாக நல்ல மார்க் வந்தால் பயன்படுத்துங்கள். சந்தேகமாக இருந்தால், பார்த்துவிட்டுக் காசு கட்டி அனுப்புவது மேல். ஒரு கல்லூரிக்குச் சுமார் 15 டாலர்.

பல கல்லூரிகள் விண்ணப்பத்தில் மாணவர் தானே போடும் மார்க்கையே ஏற்றுக்கொள்கின்றன. சேரும்போதுதான் அதிகாரப்பூர்வ ரிப்போர்ட். அதிகாரப்பூர்வமாக வேண்டும் என்று கேட்கும் கல்லூரிக்கு, முடிவு வந்த அன்றே ஆர்டர் போடுங்கள். ரிப்போர்ட் போய்ச் சேரவும், அங்கே பிள்ளையின் கோப்போடு இணையவும் நாட்கள் பிடிக்கும். கல்லூரிக்கு ஒரு நான்கு இலக்க எண் இருக்கும், எம்ஐடிக்கு 3514 என்பதுபோல. ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய, அதனால் பெயரை மட்டும் பார்த்து அழுத்தாமல் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

அப்புறம் நமக்கே உரிய ஒரு தலைவலி: பெயர். காலேஜ் போர்டு கணக்கில் அப்பா பெயர் கடைசிப் பெயர், பள்ளிப் பதிவில் வெறும் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் இரண்டும் சேர்ந்து ஒரே நீளப் பெயர். கல்லூரிக் கணினி பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத்தான் ரிப்போர்ட்டைக் கோப்போடு சேர்க்கும். பொருந்தாவிட்டால் மார்க் போயும் போகாத நிலை. விண்ணப்ப நிலையைக் காட்டும் கல்லூரிப் போர்ட்டலில் "வரவில்லை" என்றே காட்டிக்கொண்டிருக்கும். பத்தாம் வகுப்பிலேயே எல்லா இடத்திலும் ஒரே பெயர், ஒரே மின்னஞ்சல் என்று ஆக்கிவிடுங்கள்.

விண்ணப்பம் போன பிறகு மார்க் ஏறினால்

இது எங்கள் கதை. காமன் ஆப்பில் ஒரு கல்லூரிக்கு அனுப்பிவிட்டால் அந்தக் கல்லூரிக்குப் போன பிரதியைத் தொட முடியாது. உள்ளே போய் மார்க்கை மாற்றினால், இனிமேல் அனுப்பும் கல்லூரிகளுக்குத்தான் அது பொருந்தும். அதை முதலில் செய்துவிட்டோம். போன கல்லூரிக்கு, விண்ணப்பம் கிடைத்த சில நாளில் ஒரு போர்ட்டல் கணக்கு மின்னஞ்சலில் வரும். பல கல்லூரிகளின் போர்ட்டலில் மார்க்கைப் புதுப்பிக்கும் படிவம் ஒன்று இருக்கும். எங்களுக்கு அது பக்கத்தின் அடியில், யாரும் பார்க்காத மூலையில் இருந்தது. புது மார்க்கைப் போட்டு, முடிவுப் பக்கத்தின் படத்தை இணைத்து அனுப்பினாள். படிவம் இல்லாத கல்லூரியாக இருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண், தேர்வுத் தேதி, புது மார்க். மின்னஞ்சலைப் பிள்ளைதான் எழுத வேண்டும். அப்பா அம்மா எழுதும் கடிதத்தை அங்கே யாரும் ரசிப்பதில்லை. கவுன்சிலருக்கும் ஒரு வரி தெரிவித்துவிடுங்கள்.

நவம்பர் தேர்வு எழுதுபவர்களுக்கும் இதே வழிதான். கூடவே, "நவம்பர் மார்க் வரும்" என்று விண்ணப்பத்திலேயே எதிர்காலத் தேர்வுத் தேதியைக் குறிப்பிட இடம் இருக்கிறது, அதை நிரப்புங்கள்.

டிசம்பர் தேர்வு

எர்லி சுற்றில் மூன்று விதப் பதில் வரும்: இடம் உண்டு, இல்லை, அல்லது ஒத்திவைப்பு. ஒத்திவைத்தால் விண்ணப்பம் பொதுச் சுற்றுக்குப் போகும், அங்கே புது மார்க்குக்கு மதிப்புண்டு. சிக்கல் என்னவென்றால் டிசம்பர் எஸ்ஏடி மாதத் தொடக்கத்தில், எர்லி பதில் மாத மத்தியில். பதில் தெரிந்தபின் பதிவு செய்ய முடியாது. மார்க் உண்மையிலேயே இன்னும் ஏறும் என்று தோன்றினால், 68 டாலரைக் காப்பீடு மாதிரி நினைத்து நவம்பரிலேயே பதிவு செய்யலாம்.

நாங்கள் பதிவு செய்தோம். மகள் அழுதுகொண்டே போய் எழுதினாள். மார்க் 1450. எர்லியில் ஒத்திவைப்பு வந்தது, டிசம்பர் மார்க்கை யாருக்கும் அனுப்பவில்லை. பதிலாக ஜனவரியில், முதல் பருவ மதிப்பெண்களையும், அவள் நூலகத்தில் நடத்திய குழந்தைகள் வாசிப்பு வகுப்பு பற்றிய ஒரு பக்கக் கடிதத்தையும் போர்ட்டலில் ஏற்றினாள். அதை எழுத அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிடித்தது.